கண்டக்டர் மூடாமல் விட்ட கோப்பு

செண்பகத்தக்கா எங்கள் பட்டறையின் மாடிப்படி ஏறி வந்த அந்தக் காலை நேரம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் துண்டில் சுற்றிய எங்கள் பெட்டி. பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிக் கொண்டுவந்த மாதிரி அதை மேசையில் பைய இறக்கி வைத்தார்.

"இதுல அவுக சத்தம் இல்லம்மா," என்றார். "அன்னைக்கு அம்புட்டும் பேசிட்டுத்தான் வந்தாவ. நானும் பக்கத்துலதான் இருந்தேன். இப்ப அமுக்குனா ஒண்ணும் வரமாட்டேங்கு."

நானும் பீரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீர் முகம்மது மேலப்பாளையத்துக்காரன், என்னோடு அந்தப் பட்டறையை நடத்துகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் ஓடியது. பெட்டியில் இல்லையென்றால் வேறு எங்கும் இல்லை.

செண்பகத்தக்காவின் வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி தனியார் பஸ் கண்டக்டர். அந்த வாரம்தான் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி அவர் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருக்குமானால், அது அந்தத் துண்டுக்குள் இருந்த பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

சீனி டப்பாவும் கோப்பும்

பட்டறைக்கு இடம் பிடித்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தோழி ஒருத்தி போன் செய்தாள். "இடம் பிடிச்சதெல்லாம் சரி. அங்கன உக்காந்து என்னதான் செய்யுதிய?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரருக்கே இன்னும் பதில் தெரியாது.

டவுணில், தெற்கு ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, பேச முடியாதவர்களுக்கான பெட்டிகளைச் செய்கிறோம். குரல் போகப் போகிறவர் முன்கூட்டியே தன் குரலில் சில வார்த்தைகளைப் பதிந்து வைக்கலாம். பிறகு விசையை அழுத்தினால் பெட்டி அந்தக் குரலில் பேசும். உள்ளே இருப்பது மலிவான ஒரு சிப்பு. பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடும் இயங்குதளங்கள் அதற்குள் கொள்ளாது. அதனால் சின்னதாக ஓர் இயங்குதளத்தை நாங்களே எழுதினோம்.

இயங்குதளம் என்றதும் பயப்பட வேண்டாம். எங்களுடையதற்கு இருந்த முக்கியமான வேலை ஒன்றுதான். குரலைக் கோப்பாக எழுதி வைக்க வேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த எழுதுவதும் எடுப்பதும் எந்த வாசல் வழியாக நடக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் பீருக்கும் ஓயாத சண்டை.

கோப்பு என்பது சமையலறைச் சீனி டப்பா மாதிரிதான். திறக்க வேண்டும், போட வேண்டும் அல்லது எடுக்க வேண்டும், மூட வேண்டும். உலகத்தில் உள்ள பெரும்பாலான இயங்குதளங்கள் இந்த நாலு கட்டளைகளைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் நாலோடு நிறுத்த யாருக்கும் மனம் வருவதில்லை.

நான் பெங்களூரில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் 'திற' என்ற ஒரு கட்டளைக்கு மட்டும் சுவர் நிறைய விளக்கம் ஒட்டியிருந்தார்கள். படிக்க மட்டும் திற, எழுத மட்டும் திற, இருந்தால் திற, இல்லாவிட்டால் புதிதாகச் செய்து திற, ஏற்கெனவே இருந்தால் திறக்காதே, கடைசியில் போய்த் திற. மாதம் ஒன்று கூடும். அங்கே எனக்கு மேலே இருந்தவர் அதைப் பெருமையாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஒரு டப்பாவைத் திறக்க இவ்வளவு சட்டமா என்று நான் கேட்டேன். அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை.

எனக்கு விசை அதிகமுள்ள எதையும் பிடிக்காது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினோடு எனக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பீரின் தங்கை கல்யாணம்

எங்கள் பெட்டியில் நாலே கட்டளைதான், ஐந்தாவது கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பீர் ஒத்துக்கொண்டான். 'எழுது' என்ற கட்டளைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் முட்டிக்கொண்டது.

என் யோசனை இது. ஆள் பேசப் பேச குரலைத் தற்காலிக நினைவிலேயே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். 'மூடு' என்று சொன்னதும் மொத்தமாக மெமரி கார்டில் இறக்கி, இந்தக் கோப்பின் நீளம் இவ்வளவு என்று குறித்துவிட வேண்டும். வேகமாக நடக்கும், பேட்டரியும் மிச்சமாகும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பீர் மாட்டவே மாட்டேன் என்றான். பேசப் பேச உடனுக்குடன் கார்டில் இறங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் நீளத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்றான். காரணம் கேட்டேன்.

"எந் தங்கச்சி நிக்காஹ்வுக்கு வீடியோ எடுத்தான்லா ஒருத்தன். கடைசி வரைக்கும் எடுத்தான். நிறுத்துத பட்டன அமுக்கும் முன்னால பேட்டரி போயிட்டு. வீட்டுக்குப் போயித் தொறந்து பாத்தா ஃபைலு இருக்கு, நீளம் பூஜ்யம். அவ இன்னும் எங்கிட்ட சொல்லிச் சொல்லிக் காட்டுதா, நான் ஏதோ கம்ப்யூட்டர் படிச்சுக் கெடுத்த மாதிரி. மூடுவாங்கன்னு நம்பி எழுதப்புடாதுக்கா."

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்காக நான் பேட்டரியத் தாரைவாக்க முடியாது," என்றேன்.

அந்தப் பகுதியை எழுதியது அவன்தான். ஆகையால் அவன் சொன்னபடியே முடிந்தது. நான் சும்மா விடுவேனா? உன் எழுத்துக்குப் பேட்டரி வேண்டுமென்றால் பதிவாகும்போது எரியும் விளக்கை எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக, விசையை அழுத்தும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் வைத்தோம். பெட்டியின் முகத்தில் ஓட்டை குறைந்தால் செலவும் குறையும் என்பதால் பதிவுக்கு ஒரே சிவப்பு விசை. ஒரு தடவை அழுத்தினால் கோப்பு திறந்து பதிவு தொடங்கும். இன்னொரு தடவை அழுத்தினால் மூடும். இதைவிட எளிமையாக ஒருத்தராலும் செய்ய முடியாது என்று இரண்டு பேரும் வடை வாங்கித் தின்று கொண்டாடினோம்.

ஆறுமுகம் அண்ணாச்சி பேசினார்

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம் அண்ணாச்சியும் செண்பகத்தக்காவும் பட்டறைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் அனுப்பியிருந்தார்.

அண்ணாச்சியை அந்தத் தடத்தில் எல்லாருக்கும் தெரியும். பாபநாசத்தில் கிளம்பி விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், சேர்மாதேவி என்று டவுண் வரைக்கும் குரல் கொடுத்தே வண்டியை நிறைத்தவர். அன்றைக்கு அந்தக் குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் கீழே ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு இருந்தது.

வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"இவ நூல் மில்லுல ஓட்டுதா. அந்த மிஷின் எரைச்சல்ல காது மந்தமாயிட்டு," என்று மனைவியைக் காட்டினார். "பைய பேசுனா இவளுக்கு வாயசைக்கது மட்டுந்தான் தெரியும். பஸ்ஸுல பேசுததவிட வீட்டுலதான் கூடப் பேசணும்."

"எனக்கு நல்லாக் கேக்கும்," என்றார் செண்பகத்தக்கா. "வேண்டாததுதான் கேக்காது."

எங்களிடம் ஒரு தாள் உண்டு. படுக்கையில் இருப்பவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் எழுதிக் கொடுத்தது. தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. மின்விசிறியைப் போடுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டு ஆட்களின் பெயர்கள். பீர் விசையை அழுத்த, அண்ணாச்சி மேடையில் பேசுகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்தார்.

"இதுல 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு ஒண்ணு சேத்துக்கிடட்டா? வார்டுல கூட்டம் கூடுனா ஒதவும்," என்றார். எல்லாரும் சிரித்தோம்.

பயமாக இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பயமா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒத்திகையாகப் பேசியதைப் பீர் அழித்துக் கொடுத்தான். எல்லாவற்றையும் வீட்டில் நிதானமாகப் பேசிக்கொள்வதாகச் சொல்லி, பெட்டியையும் தாளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எத்தனை பேசினாலும் பெட்டி வரிசையாகத் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளும், எதன் மேலும் எதையும் எழுதி அழிக்காது, விசைகளுக்கு ஒதுக்குகிற வேலையை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர் வீட்டில் உட்கார்ந்து பேசியது ஆஸ்பத்திரியில் போய்ச் சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலம்.

தட் தட், தட்

இனி அந்தக் காலைக்கே வருகிறேன். செண்பகத்தக்கா ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னார்.

மயக்கம் தெளிந்து சாதாரண வார்டுக்கு மாற்றியதும் அண்ணாச்சி முதலில் கையை நீட்டிக் கேட்டது பெட்டியைத்தான். பேட்டரி தீர்ந்திருந்தது. சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பதிவை அழுத்தினார், சத்தமே இல்லை. இரண்டாவதை அழுத்தினார், நாற்காலி இழுக்கிற சத்தமும் செண்பகத்தக்காவின் "மோரு ஊத்தவா?" என்ற குரலும் வந்தன. மறுபடி முதல் பதிவையே அழுத்தினார், மறுபடி அமைதி. மூன்றாவதுக்கு அவர் போகவே இல்லை.

"அந்தால பெட்டியத் தள்ளிவிட்டுட்டுச் செவரப் பாத்துப் படுத்துட்டாவ," என்றார் அக்கா. "சிலேட்டுக் குடுத்தேன், அதுலயும் எழுத மாட்டேங்காவ. டாக்டரு வந்தாலும் திரும்பல."

பீர் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். கோப்புகள் இருந்தன. ஒன்று வெற்று. அடுத்தது நீளம். அடுத்தது சின்னது. மறுபடி வெற்று, நீளம், சின்னது. கடைசியாக ஒன்று, மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்குப் பக்கத்தில் வராத அளவுக்குப் பெரிதாகக் கிடந்தது. கார்டு கெட்டுவிட்டது என்றேன் நான். கெட்ட கார்டு இவ்வளவு ஒழுங்காகக் கெடாது என்றான் பீர்.

சின்னதில் ஒன்றைப் போட்டான். "வலிக்கிறது" என்று அண்ணாச்சியின் குரல் கணீரென்று வந்தது. நீளமானதில் ஒன்றைப் போட்டான். இருமல், டம்ளர் வைக்கிற சத்தம், "அடுத்தாப்புல என்ன போட்டிருக்கு, படி பாப்போம்" என்று அதே குரல். பேசிய வார்த்தைகளில் பாதி இருந்தன, பாதி இல்லை. இடையில் பேசாத நேரமெல்லாம் பதிவாகிக் கிடந்தது.

பீர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தான். "யக்கா, அண்ணாச்சி அந்தச் செவப்புப் பட்டன எப்படி அமுக்குனாவ? இங்கன மேசையில தட்டிக் காட்டுங்க," என்று கேட்டான்.

செண்பகத்தக்கா விரலால் தட்டினார். தட் தட். கொஞ்சம் விட்டு, தட்.

"தொடங்கையில ரெண்டு, முடிக்கையில ஒண்ணு," என்றார். "நானும் கேட்டேன், ஒரு அமுக்குன்னுதான சொன்னாங்கன்னு. ரெண்டு குடுத்தாத்தான் கெளம்பும், ஒண்ணு குடுத்தா நிக்கும், இது தெரியாதாளா ஒனக்குன்னாவ."

பஸ்ஸில் போகிற யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். பட்டறையில் விசையை அழுத்தியது பீர். வீட்டில் அழுத்தியது வாழ்நாளெல்லாம் விசில் கொடுத்த கண்டக்டர். நாங்கள் வைத்த 'டிக்' சத்தமும் அதற்குத் தோதாக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். முதல் தடவை இரண்டு முறை அழுத்தியதில் கோப்பு திறந்து, அதே மூச்சில் மூடிவிட்டது. அவர் பேசியது எதிலும் விழவில்லை. பேசி முடித்து ஒன்று அழுத்தினார், அப்போதுதான் புதுக் கோப்பு திறந்தது. அவர் நிறுத்திவிட்டதாக நினைத்து இளைப்பாறிய நேரமெல்லாம் அதில் ஏறியது. அடுத்த வார்த்தைக்கு மறுபடி இரண்டு அழுத்த, திறந்திருந்தது மூடி இன்னொன்று திறந்தது. அதில் பேசியது நன்றாக விழுந்தது. இப்படி ஒன்று விட்டு ஒன்று. தண்ணீர் போயிற்று, மின்விசிறி போயிற்று. செண்பகம் என்ற பெயரும் போயிற்று.

நீளம் பூஜ்யம் இல்லை

பெரிதாகக் கிடந்த கடைசிக் கோப்புக்கும் அதே காரணம்தான். கடைசி வார்த்தைக்குப் பிறகு அவர் கொடுத்த ஒற்றை அழுத்து ஒரு கோப்பைத் திறந்துவிட்டது. அதை யாரும் மூடவே இல்லை. பெட்டி அலமாரியின் மேல் உட்கார்ந்து, பேட்டரி உயிர் விடும் வரைக்கும் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் முதலில் சொன்னபடி, மூடும்போது மட்டும் கார்டில் இறக்குகிற மாதிரி எழுதியிருந்தால், அந்தக் கோப்பின் நீளமும் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும்.

பீர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிக்காட்டியிருப்பேன். அவன் எழுந்து போய், செண்பகத்தக்காவுக்கு முதுகு சாய்கிற நாற்காலியாகப் பார்த்து எடுத்து வந்தான்.

அந்தக் கோப்பைப் போட்டோம். வெண்கலக் கிண்ணம் உருள்கிற சத்தம், டி.வி., அப்புறம் அண்ணாச்சி மனைவியைக் கூப்பிட்டுச் சத்தமாக, "ஏளா, அந்தச் சட்டைய எங்க வச்ச?" அவ்வளவுதான், பீர் உடனே நிறுத்திவிட்டான். இது இரண்டு பேர் வீட்டுக்குள் பேசியது. அதை ஸ்பீக்கரில் கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் அந்த வீட்டுப் பேச்சுக்குள்தான் அண்ணாச்சிக்கு இனி வேண்டிய வார்த்தைகள் இருக்க முடியும். மனைவியின் மந்தக் காதுக்காகச் சத்தமாகவே பேசி வாழ்ந்தவர் என்பதால் அலமாரி வரைக்கும் ஒவ்வொன்றும் தெளிவாக வந்திருந்தது.

பெரிய ஹெட்போன் ஒன்றைச் செண்பகத்தக்காவின் தலையில் மாட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்தோம். வேண்டிய இடம் வந்தால் மேசையைத் தட்டச் சொன்னோம். அவர் தட்டுகிற இடத்தைப் பீர் குறித்துக்கொள்வான்.

பகல் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது சிரித்தார். ஒரு இடத்தில், ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லாரும் பேசுகிற உச்சக் குரலில், "நானா சொன்னேன்? நீங்கல்லா சொன்னிய," என்று பெட்டியோடு சண்டைக்குப் போனார். இட்லி வாங்கி வைத்தோம், டீ வாங்கி வைத்தோம். "எறங்க மாட்டேங்கும்மா," என்று ஒதுக்கிவிட்டார். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டே சில நாள் ஆகியிருக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

'தண்ணி' கிடைத்தது. "ஏளா, தண்ணி கொண்டா." மின்விசிறி கிடைத்தது. "ஃபேனப் பைய வையி, குளிருது."

ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"பயமா இல்லைன்னு ஒங்ககிட்ட எல்லாஞ் சொன்னாவல்லா," என்றார் கடைசியில். "இத எடுக்காண்டாம். இது எங்ககிட்டயே இருக்கட்டும்."

பீர் அந்த இடத்தைக் குறிக்காமல் தாண்டினான். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.

உங்கள் பெயரைத் தேடட்டுமா அக்கா என்று கேட்டேன்.

"அதெங்க இருக்கும்? கல்யாணம் ஆன நாளையிலேருந்து அவுக எம் பேரச் சொன்னதே இல்ல. ஒங்க தாளுல போட்டிருந்துச்சுன்னு அன்னைக்குத்தான் மொதமொதல்ல சொன்னாவ." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அது பதியாமப் போயிட்டு. போவட்டும். நான் கேட்டேன்லா."

பெரிய விசை

பெட்டி முகப்பின் கீழ்ப்பக்கம் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரு விசை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கையில் படும். மூச்சுத் திணறினால், வலி தாங்காவிட்டால், ஆளைக் கூப்பிடுவதற்கென்று நான் வைத்தது. அதற்கு எதைப் போடலாம் என்று கேட்டதும் செண்பகத்தக்கா யோசிக்காமல் ஓர் இடத்தைத் தட்டினார். பீர் போட்டுக் காட்டினான்.

"ஏளா, சாப்ட்டியா?"

எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன் அவர் கேட்பது அதுதானாம்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்கான விசை அக்கா, அதில் போய் இதை வைக்க முடியுமா, நோயாளிக்கு என்ன தேவையோ அதுதான் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வடிவமைப்பு விஷயத்தில் நான் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"அவுகளுக்கு என்ன தேவைன்னு எனக்குத் தெரியும்மா," என்றார்.

"அக்கா, பெரிய பட்டன் எதுக்குன்னு அவங்க சொல்லட்டுமே. ஆளக் கூப்பிடுததுக்கு மேல் வரிசையில ஒரு பட்டன ஒதுக்கிக்கிடலாம்," என்றான் பீர் என்னிடம். மாற்றினோம்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் இயங்குதளத்தில் 'திற', 'மூடு' இரண்டையும் எடுத்துவிட்டோம். 'வை', 'எடு' என்று இரண்டே கட்டளைதான். திறப்பதையும் மூடுவதையும் இயங்குதளமே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும். பெட்டியிலும் சிவப்பு விசையைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் பதிவாகும், விரலை எடுத்தால் நிற்கும். யாரும் எதையும் மூட மறக்க முடியாது.

முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அண்ணாச்சியின் தாளில் இருந்த வார்த்தை ஒன்றுகூடப் போயிருக்காது. அந்தச் சாயங்காலப் பேச்சும் கிடைத்திருக்காது. பீர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான், எல்லாம் நசீபு, தலையெழுத்து என்பான். எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. ஆனால் எங்கேயோ ஒருவருக்கு நல்லதாக முடிந்தது என்று ஒரு தப்பை அப்படியே விட்டுவைக்க முடியுமா? அடுத்து வருகிறவரின் வீட்டில் அலமாரி இல்லாமல் போகலாம்.

வார்டு

மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் பெட்டியோடு நானும் செண்பகத்தக்காவும் போனோம். அண்ணாச்சி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். கழுத்தில் கட்டு, மூக்கில் சாப்பாட்டுக் குழாய். அந்தப் பெரிய உருவம் கட்டிலில் பாதிக்கு இளைத்த மாதிரி இருந்தது.

"பெட்டி சரியாயிட்டு அண்ணாச்சி," என்றேன். திரும்பவில்லை. செண்பகத்தக்கா சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே பெட்டியைப் பிடித்து ஒரு விசையை அழுத்தினார்.

"ஏளா, தண்ணி கொண்டா."

வார்டே திரும்பிப் பார்க்கிற சத்தம். பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து, "யாரச் சொல்லுதிய?" என்றாள். பெட்டிதான் என்று தெரிந்ததும், "நல்லாருக்கு. இனிமே எனக்கும் ஏளாவா?" என்று சிரித்தாள்.

அண்ணாச்சி திரும்பிவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் சத்தம் இல்லை. கண்ணில் வழிந்த தண்ணீரைச் செண்பகத்தக்கா முந்தானையால் துடைத்துவிட்டார்.

பெட்டியை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாகப் பார்த்தார். ஃபேனப் பைய வையி. வலிக்கிறது. தன் குரலைத் தானே கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசியாகப் பெரிய விசைக்கு வந்தார்.

"ஏளா, சாப்ட்டியா?"

விரலை எடுத்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"ம்ம், சாப்ட்டேன்," என்றார் செண்பகத்தக்கா, போர்வையைச் சரிசெய்துகொண்டே.

அண்ணாச்சி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"ஏளா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்னு சொல்லுதேன்லா."

மறுபடியும் அதே குரல், அதே இழுப்பு. "ஏளா, சாப்ட்டியா?"

செண்பகத்தக்கா போர்வையை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து, காலையில் தனக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுத் திறக்காமலே விட்டிருந்த தூக்குவாளியை எடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து, தயிர்ச்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அடுத்த வாயும் வைத்தார். அண்ணாச்சியின் பெருவிரல் அந்தப் பெரிய விசையின் மேலேயே இருந்தது. வாளி காலியாகும் வரைக்கும் அவர் அதை எடுக்கவே இல்லை.